வாசிப்பு மண்டபத்தில் ஓர் அரை பிளேடு

எங்கள் கிளை நூலகத்தில் பை வைக்கும் மேசையை எடுத்துவிட்டுக் கேமரா பொருத்தப் போகிறார்களாம். இப்போது அங்கே வேலை பார்க்கும் பெண் போன வாரம் வீட்டுக்கு வந்து, ஆண்டு மலருக்கு என் அனுபவம் ஒன்றை எழுதித் தரும்படி கேட்டார். நல்லதாக எழுதுங்கள் என்று இரண்டு தரம் சொன்னார். எதற்காக இரண்டு தரம் சொன்னார் என்று அன்று பூராவும் யோசித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி யாரோ ஏதோ போட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

என் சுபாவம் அப்படித்தான். கீரை வாங்கினால் கட்டை அவிழ்த்து நடுவில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தால் உறையில் என் பெயருக்கு முன்னால் வேறு யார் பெயரையாவது அழித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். முப்பது வருஷத்துக்கு மேல் சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கியவன் நான். அது சாப்பாட்டு ருசி மாதிரி நாக்கில் தங்கிவிட்டது. நூலகம் பொன்னேரிப் பக்கம் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். தெருவைச் சொன்னால் அதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்களோ தெரியாது.

அறுபதுகளின் நடுவில் உதவியாளனாகச் சேர்ந்தேன். அட்டை எழுதுவது, எண் ஒட்டுவது, அடுக்குவது எல்லாம் ஒரு வருஷத்தில் பழகிவிட்டது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது எங்கள் நூலகர் நரசிம்மலு சார் திரும்பி வரும் புத்தகத்தை வாங்கும் விதத்தைத்தான். ஒல்லியான மனிதர். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யார் என்ன புகார் சொன்னாலும் "இருக்கட்டும்" என்பார். ஆனால் புத்தகத்தைக் கையில் வாங்கியதும் முதலில் பின்னட்டையைத் திறப்பார். பிறகு ரகசியப் பக்கம். ஒவ்வொரு நூலகத்திலும் முகப்பைத் தவிர உள்ளே ஏதோ ஒரு பக்கத்தில் முத்திரை குத்தி வைப்போம். முகப்பைக் கிழித்துவிட்டு என் புத்தகம் என்று எவனாவது சொன்னால் காட்டிக் கொடுக்க அது வேண்டும். எங்கள் பக்க எண் என்ன என்று இப்போதும் சொல்ல மாட்டேன். கடைசியாகக் கட்டைவிரலால் அத்தனை தாளையும் விசிறிபோல் ஓடவிட்டுக் காதைக் கொடுப்பார். நடுவில் தாள் அறுபட்டிருந்தால் அந்த இடத்தில் சத்தம் தட்டும். இவ்வளவும் முடிகிறவரை எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். கையைத்தான் பார்ப்பார்.

அந்த வித்தை எனக்கு ஒருமுறை பெரிய பேர் வாங்கித் தந்தது. வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைப் பக்கங்கள் மட்டும் காணாமல் போய்க்கொண்டிருந்தன. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஆலைகளில் வேலை பார்க்கும் பையன்கள்மேல்தான் எல்லாருக்கும் சந்தேகம். எனக்கு மட்டும், மடிப்புக் கலையாத ஜிப்பாவோடு தினமும் மின்விசிறிக்குக் கீழே உட்காரும் ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர் ஒருவர்மேல் ஒரு கண். ஒருநாள் அவர் மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தபோது அரை பிளேடு மேசையில் விழுந்தது. அவர் மனைவி கதைகளைச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தாராம், ஏழு தொகுதி. நரசிம்மலு சார் அந்த பிளேடை ஒரு உறையில் போட்டு ஒட்டி, "நாளைக்கும் வாங்க" என்றார். ஜிப்பாக்காரர் அதற்கப்புறம் வரவில்லை. சபாபதி கண்ணுக்குத் தப்பாது என்று ஊரில் பேச்சாயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்தப் பெருமையோடுதான் கன்னியப்பனைப் பார்க்க ஆரம்பித்தேன்.

கன்னியப்பன் பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கிறவர். நாற்பது வயசிருக்கும். உறுப்பினராகி ஒரு வருஷத்தில் நாலைந்து புத்தகம்தான் எடுத்திருப்பார், அதுவும் மகளுக்கு. ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் அடிக்கடி வரத் தொடங்கினார். வந்தால் படிக்க மாட்டார். வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகங்கள் எங்கே இருக்கும், அதைப் பார்க்க யாரிடம் கேட்க வேண்டும், நகல் எடுத்தால் அரசாங்க முத்திரை போட்டுத் தருவார்களா என்று விசாரிப்பார். எதற்கு என்று கேட்டால், "சும்மாதான் சார், தெரிஞ்சிக்கலாம்னு" என்பார். சும்மா தெரிந்துகொள்ளப் பன்னிரண்டு மைல் சைக்கிள் மிதிக்கிற மனிதனை நான் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் வாசகர் வட்டம் ஒருநாள் சுற்றுலா ஏற்பாடு செய்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் மெட்ராஸ். முதலில் அந்தப் பெரிய நூலகம். நாட்டில் எந்த மூலையில் எந்தப் புத்தகம் அச்சானாலும் ஒரு பிரதி அங்கே வந்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதற்கப்புறம் பக்கத்திலேயே செத்த காலேஜ், சென்ட்ரலுக்குப் பின்னால் உயிர் காலேஜ், சாயங்காலம் கடற்கரை. மியூசியத்தையும் மிருகக்காட்சிச் சாலையையும் அந்தக் காலத்தில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பெயர் கொடுத்தவர்களில் முதல் ஆள் கன்னியப்பன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏரியில் இறால் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. அதை விட்டுவிட்டுச் சிங்கத்தைப் பார்க்க வருகிறாரா?

நரசிம்மலு சாரிடம் சொன்னேன். "இருக்கட்டும்" என்றார். கூட்டத்துக்குப் பொறுப்பாளராக என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். எனக்கு அப்போது வேலை நிரந்தரம் ஆகவில்லை. அடுத்த மாதம் உத்தரவு வரும் என்றிருந்தது. வந்தவர்கள் எதையாவது கிழித்து வைத்தால் என் தலைதான் உருளும்.

நரசிம்மலு சாரையும் சேர்த்து இருபத்திரண்டு பேர். புளிச்சாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு ஏறினோம். கன்னியப்பன் சாப்பாடு கொண்டுவரவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் தேவசகாயம். கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலை ஒன்றில் பிட்டர். அவன் அப்பா அம்மா பண்ணைக்கூலி வேலை செய்தவர்கள். இவன் தொழிற்பயிற்சி முடித்தவன், ஆங்கிலம் ஓரளவு படிப்பான். இரண்டு பேரும் பேசின் பிரிட்ஜ் வரும்வரை தலையோடு தலை வைத்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டு வந்தார்கள். நான் கிட்டே போனால் பேச்சு நின்றது. இவர்களுக்குள் எப்போது பழக்கம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

பெரிய நூலகத்தின் உள்ளே போனதும் எங்கள் ஆட்கள் எல்லாரும் செருப்புச் சத்தத்தைக் குறைத்தார்கள். உயரமான கூரை, வண்ணக் கண்ணாடி, மரத்தில் செதுக்கிய வளைவுகள். மற்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நான் வாசலைத்தான் பார்த்தேன். நடைமுறை அபாரம். பை, குடை, பேனா எல்லாவற்றையும் வாசலில் கொடுத்துவிட்டு வில்லை வாங்க வேண்டும். பழைய புத்தகத்துக்குப் பக்கத்தில் மை ஆகாது. குறிப்பெடுக்க அவர்களே துண்டுப் பென்சில் தருவார்கள். வேண்டிய புத்தகத்தைச் சீட்டில் எழுதித் தந்தால் உள்ளிருந்து கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். பழையது என்றால் கூட்டிவந்த பொறுப்பாளரின் கையெழுத்தும் வேண்டும். மடியைத் தடவிப் பார்க்கும் வழக்கம் மட்டும் இல்லை. அது ஒரு குறையாக எனக்குப் பட்டது.

கன்னியப்பன் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். யாரோ வக்கீல் குமாஸ்தா கையெழுத்தில், நூறு வருஷத்துக்கு முந்தைய மாவட்டக் கையேடு ஒன்றின் பெயரும் பக்க எண்ணும் இருந்தன. இந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "பாத்தா தெரியும் சார்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கையெழுத்துப் போடாமல் விட்டால் கூட்டத்துக்கு முன்னால் மானக்கேடு. போட்டேன். போட்டுவிட்டு நாலு மேசை தள்ளி ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

தடியான புத்தகம் வந்தது. தேவசகாயம் பக்கத்தைத் தேடி எடுத்து விரலை வைத்து மெதுவாகப் படிக்க, கன்னியப்பன் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு தேவசகாயம் எழுந்து தாள் கேட்க முகப்பு மேசைக்குப் போனான். கன்னியப்பன் தனியாக இருந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். மடியில் கையை விட்டு ஒரு துணிச் சுருணையை எடுத்துப் பிரித்தார். அரை பிளேடு பளிச்சென்றது.

நாலு மேசையையும் எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினேன். அந்த மண்டபத்தில் அதுவரை யாரும் அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள்.

"இன்னா சார் இது, கைய உடு" என்று மட்டும் சொன்னார் கன்னியப்பன். குரலை உயர்த்தவில்லை.

மண்டபப் பொறுப்பாளர் ஓடிவந்தார். புத்தகத்தை அள்ளிக்கொண்டு போய்ப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை. ஆனாலும் பிளேடு பிளேடுதான். நடந்ததை எழுத்தில் கேட்டார்கள். நரசிம்மலு சார் என்னை ஓரமாக அழைத்துப் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாத்தத மட்டும் எழுது சபாபதி. பாக்காதத எழுதாத" என்றார்.

எழுதினேன். 'வாசகரின் வலது கையில் பிளேடு இருந்தது. புத்தகம் எதிரே திறந்திருந்தது. நான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.' மூன்று வாக்கியம். ஒன்றிலும் பொய் கிடையாது. அவருடைய இடது கையில் முனை மழுங்கிய துண்டுப் பென்சில் இருந்ததை நான் எழுதவில்லை. மேசை விளிம்பில் மரச்சீவல் இரண்டு கிடந்ததையும் எழுதவில்லை. அவற்றை நான் பார்த்தேன். கையைப் பிடித்த அடுத்த நொடியே பார்த்துவிட்டேன். ஆனால் அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேனே. பென்சில் சீவியவனைப் பிடித்துக் கத்தினேன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்த மாதம் வரவேண்டிய உத்தரவும் கண் முன்னால் வந்து நின்றது.

கன்னியப்பன் பெயரைத் தடைப் பட்டியலில் எழுதினார்கள். எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

போகவர எல்லாருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் என்பதால் அவரும் எங்களோடுதான் ஊர் சுற்ற வேண்டியிருந்தது. செத்த காலேஜில் திமிங்கல எலும்புக்கூட்டின் கீழ் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது அவர் ஒரு மூலையில் சுவரோடு நின்றார். தேவசகாயத்தைத் தவிர யாரும் அவரிடம் பேசவில்லை. நான் மிருகங்களைப் பார்க்கவில்லை. புலிக் கூண்டுக்கு முன்னாலும் அவர் மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை பக்கத்தைக் கிழித்து மறைத்திருப்பாரோ, அவர்கள் எண்ணியதில் தவறியிருக்குமோ என்று என் புத்தி போயிற்று. பார்த்ததை நம்ப மறுக்கிற அளவுக்குச் சந்தேகம் முற்றிவிட்டிருந்தது.

கடற்கரையில் எல்லாரும் சுண்டலும் மாங்காயும் வாங்கிக்கொண்டு அலையில் இறங்கினார்கள். கன்னியப்பன் மணலில் உட்கார்ந்து மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பாய்ந்து போய்ப் பிடுங்கினேன். பழுப்பேறிய நோட்டுத் தாள். முப்பது நாற்பது பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கைநாட்டு.

அவர் கையை நீட்டினார். திருப்பிக் கொடுத்தேன்.

விஷயம் ரயிலில்தான் தெரிந்தது. தேவசகாயம் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அவுரு பாடு இன்னிக்கி சார். அத்த உட்டுட்டு வந்தாரு."

பாடு என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஏரியில் நீரோட்டம் நன்றாக உள்ள இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று குப்பத்தார் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். முறை வந்த அன்று போகாதவனுக்கு அந்தச் சுற்று முடியும்வரை அந்த இடம் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம், இருப்பதிலேயே நல்ல இடம், கன்னியப்பனுக்கு விழுந்திருந்தது. அந்த இடமே தங்களுடையது என்று எதிர்க் குப்பம் மனுப் போட்டிருந்தது. புதன்கிழமை பொன்னேரியில் விசாரணை. இவர்கள் குப்பம்தான் அங்கே வலை கட்டி வந்தது என்று அந்தப் பழைய புத்தகத்தில் ஒரு பத்தி இருக்கிறது. அதை நகலெடுத்து முத்திரை வாங்கி வர ஊர் கைநாட்டு வைத்து அனுப்பிய ஆள்தான் கன்னியப்பன். பிளேடு வலைக் கயிறு அறுக்க எப்போதும் அவர் மடியில் இருப்பது.

இதை என்னிடம் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்க மச்சான் அந்தக் குப்பத்துல எறா வாங்குறாரே. நீங்க எந்தப் பக்கம்னு அவுங்களுக்கு இன்னா தெரியும்?" என்றான்.

என் மைத்துனர் அங்கே இறால் வியாபாரம் செய்தது உண்மை. அந்தக் கோடை பூராவும் நான் கன்னியப்பனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த மாதிரியே அவரும் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்காவது ஒரு காரணம் இருந்தது.

திங்கட்கிழமை நரசிம்மலு சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பென்சிலையும் சீவலையும் சொன்னேன். திரும்பி வந்த புத்தகம் ஒன்றைக் கட்டைவிரலால் ஓடவிட்டுக்கொண்டே கேட்டார். அவருக்கு முன்பே தெரியும் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு நிச்சயமில்லை, அவரும் கடைசிவரை சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை விடுப்பெடுத்துக்கொண்டு நானே மெட்ராஸ் போனேன். அந்தப் பக்கத்தை நான் எழுதி முத்திரை வாங்கி வந்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன். வாசலில் என் பெயரைக் கேட்டார்கள். பேரேட்டைப் புரட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கையெழுத்துப் போட்ட பொறுப்பாளர் என்பதால் என் பெயரையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். விதி அதுதான், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். என் அறிக்கை சரியில்லை, வாசகர் பென்சில்தான் சீவினார் என்று நானும் என் மேலதிகாரியும் எழுதிக் கொடுத்தால் இரண்டு பெயரையும் நீக்குவதாகச் சொன்னார்கள்.

சாயங்காலமே திரும்பி நரசிம்மலு சார் வீட்டுக்குப் போனேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"எழுதிக் குடு. நானும் கையெழுத்துப் போடறேன். ஆனா உத்தரவு அடுத்த மாசம் வரணும், அதையும் நெனச்சிக்க" என்றார்.

நினைத்துக்கொண்டேன். பொய் அறிக்கை எழுதியவன் என்று என் கோப்பில் ஏறும். வீட்டில் இரண்டு குழந்தைகள். விசாரணையை எப்படியும் தள்ளி வைப்பார்கள், எந்த விசாரணைதான் சொன்ன நாளில் முடிந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யோசித்துக் காலையில் எழுதுகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அந்தத் தாளை அவர் மடித்து மேசை இழுப்பறையில் வைத்ததை வாசலில் நின்று பார்த்தேன்.

விசாரணை சொன்ன நாளில் நடந்தது. கன்னியப்பன் ஆட்கள் கையில் காகிதம் ஒன்றும் இல்லை. புத்தகத்தில் இருக்கிறது என்றார்கள். எந்தப் புத்தகம் என்றதற்கு, அதைத் திருடப் போய்ப் பிடிபட்டவர்தானே இவர் என்று எதிர்த் தரப்பில் யாரோ எழுந்து சொன்னார்களாம். அது எப்படி அவர்கள் காதுக்குப் போயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். ஞாயிறு இரவு என் மைத்துனர் வீட்டில் சாப்பிட்டேன், ரயிலில் கேட்டதை விழுங்கிவிட்டு, பிளேடோடு பிடித்ததை மட்டும் பெருமையாகச் சொன்னேன். முகத்துவாரத்து இடம் எதிர்க் குப்பத்துக்குப் போய்விட்டது.

என் உத்தரவு அடுத்த மாதம் சரியாக வந்தது. அது வந்த மறுநாளே பழைய அறிக்கையைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். என் கோப்பில் ஒரு கண்டனம் ஏறியது, அவ்வளவுதான். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. தடை நீங்க இன்னும் நாலு மாதம். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அந்தப் பத்தியை என் கையாலேயே எழுதி, அடியில் தமிழில் பெயர்த்து, முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

குப்பத்துக்குப் போய்க் கேட்டபோது கன்னியப்பன் கும்மிடிப்பூண்டியில் இருப்பதாகச் சொன்னார்கள். ஓர் ஆலையில் மூட்டை இறக்கும் வேலை. தேவசகாயம்தான் சொல்லிச் சேர்த்துவிட்டானாம். ஊரை நம்ப வைத்து ஏமாற்றியவன் என்று குப்பத்தில் பேச்சு. அடுத்த சீட்டில் அவர் பெயரை எழுதவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆலை வாசலுக்கு வெளியே வந்தார். தலைமுடியெல்லாம் சிமெண்டுத் தூசி. என்னைக் கண்டு முகம் மாறவில்லை. உறையை நீட்டினேன். நடந்ததெல்லாம் என் தப்பு என்று சொன்னேன். மேல்முறையீடு செய்யலாம், நானே வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். அவர் உறையை வாங்கவில்லை.

"படி சார், கேப்போம்" என்றார்.

அந்த வெயிலில் நின்று படித்தேன். அவர்கள் குப்பத்தின் பெயர், முகத்துவாரத்துக்குத் தெற்கே உள்ள இடம், அங்கே முறை வைத்து வலை கட்டும் வழக்கம், எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, அன்று மண்டபத்தில் தலையாட்டிய மாதிரியே தலையாட்டிக் கேட்டார். படித்து முடித்தேன். இன்னும் இருக்கிறது என்று நினைத்தோ என்னவோ, அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"இம்மாந்தானா சார்?" என்றார். "ஒரு பீடி குடிக்கிற நேரங்கூட ஆவலியே."

உள்ளே சங்கு ஊதியது. அவர் போய்விட்டார்.